தமிழின் வழியே போர்த்துக்கீசியம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரையில், வடக்கே அஞ்சுதெங்கு முதல் தெற்கே பூவாறு வரை உள்ள மீனவர் குடியிருப்புகளில் பெர்னாண்டஸ், பெரேரா, கோமஸ், டிக்ரூஸ், சில்வா போன்ற குடும்பப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அதே கரையிலும் அதற்கு அப்பால் தமிழகத்திலும் ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, துவாலை, பொத்தான், பீப்பாய், ஏலம், வராந்தா, இஸ்திரி ஆகிய சொற்கள், போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை என்ற நினைவே இல்லாத அளவுக்கு வீட்டுச் சொற்களாகிவிட்டன. சொற்கள் தங்கிவிட்ட இக்கரையில் அம்மொழியின் இலக்கணம் மட்டும் அந்நியமாகவே இருப்பதாக எண்ணப்படுகிறது. போர்த்துக்கல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கிழக்குத் திமோர் முதலிய நாடுகளின் ஆட்சிமொழியாகவும் 25 கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழியாகவும் விளங்கும் அதைக் கற்க விரும்பும் தமிழர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகளையே நாடுகின்றனர். அக்கையேடுகள் ஆங்கிலேயருக்கு எது கடினமோ அதை விரிவாகவும், எது எளிதோ அதைச் சுருக்கமாகவும் விளக்குபவை. தமிழருக்கோ அந்த அளவுகோல் பல இடங்களில் பொருந்துவதில்லை. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பழகவேண்டிய சில இலக்கண வழக்கங்கள் தமிழில் இயல்பாகவே இருக்கின்றன என்பதால், தமிழ் இலக்கணத்தைத் துணையாகக் கொண்டு போர்த்துக்கீசியத்தை அணுகுவதே அவருக்கு நேர்வழியாகும்.

இவ்வழி புதிதன்று, எதிர்த்திசையில் இது 16ஆம் நூற்றாண்டிலேயே நடந்து பார்க்கப்பட்டது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பகுதியை அடைந்ததைத் தொடர்ந்து, 1503இல் கொல்லத்தில் போர்த்துக்கீசியரின் பண்டகசாலையும், 1519இல் அங்குள்ள தங்கசேரியில் கோட்டையும் எழுந்தன. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் திருமுழுக்குப் பணி செய்த பிரான்சிஸ் சேவியர், இருமொழி அறிந்தோரின் உதவியால் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து மக்களிடம் ஓதினார். அவருக்குப் பின் 1546இல் இந்தியா வந்த என்றீக்கே என்றீக்கஸ் என்னும் சேசு சபைத் துறவி, மனப்பாடத்தோடு நில்லாமல் தமிழின் அமைப்பை ஆராய்ந்து, 1549 அளவில் 'ஆர்த்தி த லிங்குவா மலபார்' என்ற தமிழ் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். ஐரோப்பிய மொழியொன்றில் எழுதப்பட்ட முதல் தமிழ் இலக்கணம் அதுவே. போர்த்துக்கீசியத்துக்கே முதல் இலக்கண நூல் 1536இல் ஃபெர்னாவ்ம் தி ஒலிவேய்ரா என்பவராலும், அடுத்தது 1540இல் ஜுவாவ்ம் தி பாரோஸ் என்பவராலும் எழுதப்பட்டன என்பதை நினைத்தால், தன் தாய்மொழி இலக்கணம் பெற்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு போர்த்துக்கீசியர் தமிழுக்கு இலக்கணம் எழுத முற்பட்டதன் அருமை விளங்கும். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய 'கார்த்தில்யா', தமிழை உரோம எழுத்தில் அச்சிட்டுச் சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியப் பொருளைத் தந்தது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. இரு மொழிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் கற்கும் அந்த முறையையே இன்றைய தமிழர் தம் பக்கத்திலிருந்து மேற்கொள்ளலாம்.

ஒலிகள்

இக்கட்டுரையில் போர்த்துக்கீசியச் சொற்கள் லிஸ்பன் உச்சரிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. சொல்லின் இறுதியில் வரும் அழுத்தமற்ற 'ஒ' அங்கு 'உ' போலவும், இறுதி 'ஸ்' 'ஷ்' போலவும் ஒலிக்கும். மூக்கொலி உயிர்கள் இம்மொழியின் தனிச்சிறப்பாகக் கருதப்படுபவை. வாயால் மட்டுமன்றி மூக்காலும் மூச்சை விட்டு ஒலிக்கும் உயிரொலிகளே அவை. 'மரம்', 'வந்தான்' என்று எழுதப்படும் சொற்களைப் பேச்சில் சொல்லும்போது இறுதி மெய் முழுதாக ஒலிக்காமல் அதற்கு முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுவதைத் தமிழர் ஒவ்வொரு நாளும் செய்கின்றனர். 'இல்லை' என்று பொருள்படும் 'நாவ்ம்' என்ற சொல்லின் இறுதி 'ம்' இவ்வாறே, இதழ்கள் மூடாமல், மூக்கொலியாக மட்டும் ஒலிக்கப்பட வேண்டும். தமிழ் எழுத்தில் 'ப', 'த', 'க' ஆகியவை வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கக்கூடியவை என்பதால், எந்த இடத்தில் எது என்பதைக் காதால் கேட்டே உறுதிசெய்துகொள்வது நல்லது.

பெயரும் பாலும்

தமிழில் பெயர்கள் முதலில் உயர்திணை, அஃறிணை என்று பிரிந்து, உயர்திணைக்குள் மட்டும் ஆண்பால், பெண்பால் என்ற பாகுபாடு வருகிறது. அப்பாகுபாடு பொருளின் இயல்பை ஒட்டியது. போர்த்துக்கீசியத்தில் திணை என்பது இல்லை. அங்கே உயிருள்ளவை, இல்லாதவை அனைத்தும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ அமைந்தே தீரவேண்டும். அஃறிணைப் பொருள்களில் அப்பால் சொல்லின் இலக்கணப் பண்பே அன்றிப் பொருளின் பண்பன்று. பாலைக் காட்டுவது பெயருக்கு முன் நிற்கும் ஒரு சிறுசொல். குறித்த ஒன்றைச் சுட்டுவதால் அதை முன்சுட்டு எனலாம். ஆண்பால் ஒருமைக்கு 'உ', பெண்பால் ஒருமைக்கு 'அ', பன்மையில் முறையே 'உஷ்', 'அஷ்' என அது வரும்.

தமிழர் அறிந்த சொற்களைக் கொண்டே இதைக் காணலாம். ஜன்னல் 'அ ஜனெலா', மேசை 'அ மேஸா', துவாலை 'அ துவால்யா', வராந்தா 'அ வராந்தா', சாவி 'அ ஷாவி' ஆகியவை பெண்பால். அலமாரி 'உ அர்மாரியு', கோப்பை 'உ கொப்பு', ஈழத்தமிழர் சப்பாத்து என்று சொல்லும் காலணி 'உ ஸப்பாத்து', பொத்தான் 'உ புத்தாவ்ம்' ஆகியவை ஆண்பால். எழுத்தில் 'ஒ' என முடிபவை பெரும்பாலும் ஆண்பாலாகவும் 'அ' என முடிபவை பெரும்பாலும் பெண்பாலாகவும் இருக்கும். 'நாள்' எனப் பொருள்படும் 'உ தியா', 'கை' எனப் பொருள்படும் 'அ மாவ்ம்' போன்ற விலக்குகளும் உண்டு. 'சாவி' போல 'எ' என முடிபவற்றின் பாலை ஈற்றைக் கொண்டு அறிய இயலாது. ஆகவே ஒரு பெயரைக் கற்கும்போதே அதன் முன்சுட்டையும் சேர்த்து, 'ஜனெலா' என்று தனியாக அன்றி 'அ ஜனெலா' என்று ஒரே மூச்சில் மனத்தில் பதித்துக்கொள்வது பிற்காலச் சிரமங்களைத் தவிர்க்கும்.

பால் பெயரோடு நிற்பதில்லை. அப்பெயரைத் தழுவும் அடைச்சொல்லுக்கும் பரவுகிறது. தமிழில் 'புதிய' என்ற சொல் ஜன்னலுக்கும் ஜன்னல்களுக்கும் மாறாமல் முன்னே நிற்க, போர்த்துக்கீசியத்தில் அடைச்சொல் வழக்கமாகப் பெயருக்குப் பின்னே நின்று பாலிலும் எண்ணிலும் அதனோடு ஒத்துப்போகிறது: 'அ ஜனெலா நோவா' என்பது புதிய ஜன்னல், 'அஷ் ஜனெலாஷ் நோவாஷ்' என்பது புதிய ஜன்னல்கள், 'உ அர்மாரியு நோவு' என்பது புதிய அலமாரி. 'இரண்டு ஜன்னல்' என்று தமிழ்ப் பேச்சில் பன்மை விகுதி இல்லாமல் சொல்வதுபோல இங்கே சொல்ல முடியாது. எண்ணுப்பெயர் வந்தாலும் பன்மை விகுதி கட்டாயம். ஒன்று, இரண்டு என்ற எண்களும் பால் காட்டும்: ஆண்பாலுக்கு 'உம்', 'தோய்ஷ்'; பெண்பாலுக்கு 'உமா', 'துவஷ்'. ஒருவன், ஒருத்தி என்று எண்ணிலேயே பால் காட்டும் வழக்கம் தமிழருக்குத் தெரிந்ததே. அதை அஃறிணைக்கும் விரிப்பது மட்டுமே புதிய பயிற்சி. அன்றாட வணக்கங்களிலும் இவ்வொத்திசைவு கேட்கும். நாள் ஆண்பால் ஆதலால் காலை வணக்கம் 'போம் தியா' என்றும், இரவு பெண்பால் ஆதலால் இரவு வணக்கம் 'போவா நோய்தி' என்றும் ஆகின்றன.

வினைமுற்று

பால் பாகுபாட்டில் தமிழர் சற்று உழைக்க வேண்டியிருந்தால், வினையில் அவருக்குத் தமிழே கைகொடுக்கிறது. 'பேசுகிறேன்' என்ற ஒரு சொல்லிலேயே பேசுபவர் யார் என்பது அடங்கிவிடுவதால் 'நான்' என்ற எழுவாய் இல்லாமலும் வாக்கியம் முழுமை பெறுகிறது. ஆங்கிலத்தில் இது இயலாது; போர்த்துக்கீசியத்தில் இதுவே இயல்பு. 'பேசு' எனப் பொருள்படும் 'ஃபலார்' என்ற வினை நிகழ்காலத்தில் பின்வருமாறு திரியும்: பேசுகிறேன் 'ஃபாலு', பேசுகிறாய் 'ஃபாலஷ்', பேசுகிறான் அல்லது பேசுகிறாள் 'ஃபாலா', பேசுகிறோம் 'ஃபலாமுஷ்', பேசுகிறார்கள் 'ஃபாலவ்ம்'. 'ஃபாலு தாமில்' என்றால் 'தமிழ் பேசுகிறேன்'. 'மோரு எய்ம் திருவனந்தபுரம்' என்றால் 'திருவனந்தபுரத்தில் வசிக்கிறேன்'. இரண்டிலும் 'நான்' என்பதற்குரிய 'ஏவு' என்ற சொல் தேவைப்படவில்லை. அழுத்தம் தரவேண்டிய இடத்தில் மட்டும் அது வரும்.

வினைகள் அகராதியில் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்ற மூன்று ஈறுகளில் ஒன்றைக் கொண்டிருக்கும்; அவ்வீற்றைக் கொண்டே திரிபின் வகை அமையும். 'ஆர்' ஈற்றுக்கு மேற்கண்ட 'ஃபலார்' முன்மாதிரி. 'உண்' எனப் பொருள்படும் 'குமேர்' என்பது 'ஏர்' ஈற்று வினை; 'கோமு பைஷி' என்றால் 'மீன் சாப்பிடுகிறேன்'. 'திற' எனப் பொருள்படும் 'அப்ரீர்' என்பது 'ஈர்' ஈற்று வினை. 'ஆப்ரு அ ஜனெலா' என்றால் 'ஜன்னலைத் திறக்கிறேன்'. மூன்று வகையிலும் தன்மை ஒருமை 'உ' ஒலியில் முடிவதால், தொடக்கநிலையில் தன்னைப் பற்றிய வாக்கியங்களை எளிதில் அமைக்கலாம். படர்க்கை வினைமுற்றில் தமிழ் காட்டும் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இங்கே இல்லை. பெயர்களிலெல்லாம் பாலைப் பேணும் மொழி, தமிழ் பாலைப் பேணும் வினைமுற்றில் அதை விட்டுவிடுகிறது. 'நாம்', 'நாங்கள்' என்ற நுண்ணிய வேறுபாடும் அங்கில்லை. இரண்டுக்கும் 'நொஷ்' ஒன்றே.

காலங்களிலும் தமிழ் துணைநிற்கிறது. இறந்தகாலம் விகுதி மாற்றத்தால் அமையும்: 'பேசினேன்' என்பதற்கு 'ஃபலெய்', 'பேசினான்' என்பதற்கு 'ஃபலோ'. 'ஓந்தெய்ம் கோம்ப்ரெய் பைஷி' என்றால் 'நேற்று மீன் வாங்கினேன்'. எதிர்காலத்தைக் குறிக்க அன்றாடப் பேச்சில் 'போ' என்ற வினையைத் துணைவினையாக்குகின்றனர்: 'அமன்யாம் வோ கோம்ப்ரார் பைஷி' என்பதைத் தமிழில் 'நாளை மீன் வாங்கப் போகிறேன்' என்று சொல்லுக்குச் சொல் நேராகப் பெயர்க்கலாம். தொடர்வினைக்கு 'இரு' என்ற பொருளுடைய வினை துணையாகிறது: 'இஷ்தோ அ ஃபலார்' என்பது 'பேசிக்கொண்டு இருக்கிறேன்'. 'போ', 'இரு' என்ற அதே இரு வினைகளைத் துணைவினையாக்கிக் காலத்தையும் தொடர்ச்சியையும் காட்டும் வழக்கம் இரு மொழிகளுக்கும் பொதுவாக அமைந்திருப்பது கற்பவருக்கு வாய்ப்பு.

இருத்தலைக் குறிக்கும் இரண்டு வினைகள்

போர்த்துக்கீசியம் கற்பவர்களை மிகுதியும் குழப்புவதாகச் சொல்லப்படுவது 'ஸேர்', 'இஷ்தார்' என்ற இரு வினைகளின் வேறுபாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை. ஒன்றின் இயல்பை, அடையாளத்தை, மாறாத பண்பைக் கூற 'ஸேர்' என்பதையும், அது அப்போது இருக்கும் நிலையையும் இடத்தையும் கூற 'இஷ்தார்' என்பதையும் பயன்படுத்த வேண்டும். இந்த இரண்டாம் வினை, 'நில்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து தோன்றியது.

இவ்வேறுபாடு தமிழ் வாக்கியங்களிலேயே தெளிவாக உள்ளது. 'கடல் பெரியது' என்று பெயர்ப் பயனிலை கொண்டு சொல்லும் இடத்தில் 'உ மார் எ கிராந்தி' என 'ஸேர்' வினையின் படர்க்கை வடிவமாகிய 'எ' வருகிறது. 'கடல் அமைதியாக இருக்கிறது' என்று 'இரு' வினையைச் சேர்க்கும் இடத்தில் 'உ மார் இஷ்தா கால்மு' என 'இஷ்தார்' வருகிறது. 'மீன் நல்லது' என்ற பொதுக்கருத்துக்கு 'உ பைஷி எ போம்' என்றும், இலையில் பரிமாறிய மீனைச் சுவைத்துவிட்டு 'மீன் நன்றாக இருக்கிறது' என்பதற்கு 'உ பைஷி இஷ்தா போம்' என்றும் கூறுவர். தமிழில் 'இரு' வராத பெயர்ப் பயனிலை வாக்கியத்துக்கு 'ஸேர்', 'ஆக இருக்கிறது' அல்லது 'இல் இருக்கிறது' என முடியும் வாக்கியத்துக்கு 'இஷ்தார்' என்று கொண்டால், தொடக்கநிலையில் பெரும்பாலான இடங்களில் சரியான வினை அமையும். 'வீட்டில் இருக்கிறேன்' என்பது 'இஷ்தோ எய்ம் காஸா'. ஊர், கட்டடம் போன்று இடம்பெயராதவற்றின் இருப்பிடத்தைக் கூற மட்டும் பெரும்பாலும் 'ஃபிகார்' என்ற வேறொரு வினை வழங்குகிறது. தமிழில் வினையே இல்லாமல் 'மீனவன்', 'ஆசிரியர்' என்று முடிக்கும் வாக்கியங்களிலும் இங்கே வினை கட்டாயம் என்பதையும் மறவாதிருக்க வேண்டும்: 'நான் மீனவன்' என்பது 'ஸோ பிஷ்கதோர்'.

வேற்றுமையும் முன்னிடைச்சொல்லும்

தமிழ் வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டுபவை. அவை ஆற்றும் பணியைப் போர்த்துக்கீசியத்தில் பெயருக்கு முன்னே நிற்கும் முன்னிடைச்சொற்கள் ஆற்றுகின்றன: 'உடைய', 'இருந்து' என்ற பொருள்களுக்கு 'தி', 'இல்' என்பதற்கு 'எய்ம்', 'உக்கு' என்பதற்கு 'பரா', 'ஓடு' என்பதற்கு 'கோம்'. இவற்றுள் சில, முன்சுட்டோடு புணர்ந்து ஒரே சொல்லாகின்றன. 'தி' என்பது 'உ' என்பதோடு சேர்ந்து 'து' எனவும், 'அ' என்பதோடு சேர்ந்து 'த' எனவும் ஆகும். 'எய்ம்' என்பது அவ்வாறே 'நு', 'ந' என ஆகும். நிலைமொழியும் வருமொழியும் கூடும்போது வடிவம் திரிவதைப் புணர்ச்சி என்று தனி இயலாகவே கற்ற மரபினருக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. 'அ ஷாவி த காஸா இஷ்தா ந மேஸா' என்ற வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்தால், 'சாவி, வீட்டினுடைய, இருக்கிறது, மேசையில்' என்றாகும். தமிழில் 'வீட்டுச் சாவி மேசையில் இருக்கிறது'. கடற்கரைக் குடும்பப் பெயர்கள் சிலவும் இப்புணர்ச்சியின் சான்றுகளே: 'த சில்வா', 'த குரூஸ்', 'து ரொசாரியு' ஆகியவற்றின் முதற்பகுதி முன்னிடைச்சொல்லும் முன்சுட்டும் கூடியது. பெயர்ச்சொல் பெண்பாலாயின் 'த', ஆண்பாலாயின் 'து' என்ற விதியைத் தலைமுறை தலைமுறையாக அப்பெயர்கள் தாங்கிவருகின்றன.

தமிழின் 'ஐ' உருபுக்கு ஈடான உருபு பொதுவாக அங்கில்லை என்பதால் செய்பவர் யார், செய்யப்படுவது எது என்பதைச் சொற்களின் வரிசையே காட்டவேண்டும். 'மரியா ஜன்னலைத் திறக்கிறாள்' என்பதை 'ஜன்னலை மரியா திறக்கிறாள்' என்று மாற்றினாலும் தமிழில் பொருள் கெடாது. போர்த்துக்கீசியத்தில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையே அடிப்படை: 'மரியா ஆப்ரி அ ஜனெலா'. வினையை இறுதிவரை தாங்கி நிற்கும் தமிழ்ப் பழக்கத்தைத் தளர்த்தி, எழுவாயை அடுத்து வினையை வைக்கப் பழகுவதே தமிழருக்கு உரிய பயிற்சிகளில் முதன்மையானது.

வினா, மறுப்பு, மரியாதை

மறுப்புக்கு வினையின் முன் 'நாவ்ம்' சேர்த்தால் போதும்: 'நாவ்ம் ஃபாலு புர்துகேஷ்' என்றால் 'போர்த்துக்கீசியம் பேசமாட்டேன்' அல்லது 'எனக்குப் போர்த்துக்கீசியம் பேசவராது'. ஆம், இல்லை என்ற விடையை வேண்டும் வினாவுக்குச் சொல்வரிசையை மாற்ற வேண்டியதில்லை. தமிழில் வினைமுற்றின் ஈற்றில் வரும் 'ஆ' செய்யும் வேலையைக் குரலின் ஏற்றம் செய்கிறது. 'ஃபாலா புர்துகேஷ்?' என்று கேட்டால், விடையாக 'ஃபாலு' என்று வினையையே திருப்பிச் சொல்வது இயல்பான வழக்கு. 'பேசுவீர்களா?' என்றால் 'பேசுவேன்' என்று தமிழர் சொல்வதும் இதுவே. 'ஆம்' என்ற சொல் எழுத்தில் வருவதைவிடப் பேச்சில் அருகி வருவதற்கும் இதுவே காரணம்.

முன்னிலையில் மரியாதை காட்டும் முறையும் இம்மண்ணுக்கு அந்நியமன்று. நெருங்கியவரையும் இளையவரையும் 'தூ' என்று, அதாவது 'நீ' என்று, அழைப்பர். மரியாதைக்குரியவரை ஆணாயின் 'உ ஸின்யோர்', பெண்ணாயின் 'அ ஸின்யோரா' என்று குறித்து, வினையைப் படர்க்கையில் அமைப்பர்: 'உ ஸின்யோர் ஃபாலா தாமில்?' என்பதன் அமைப்பு 'ஐயா தமிழ் பேசுவாரா?' என்பதற்கு நிகரானது. முன்னிலையில் நிற்பவரை நேரே சுட்டாமல் 'சார்', 'சேச்சி' என்று விளித்துப் பேசும் மலையாள வழக்கை நாளும் கேட்கும் திருவனந்தபுரத்துத் தமிழருக்கு இதன் நயம் எளிதில் புலப்படும். நன்றி கூறும்போது ஆண் 'உப்ரிகாது' என்றும் பெண் 'உப்ரிகாதா' என்றும் கூறவேண்டும். இங்கே பால் கேட்பவரைப் பொறுத்ததன்று, கூறுபவரைப் பொறுத்தது.

தமிழுக்கும் போர்த்துக்கீசியத்துக்கும் உள்ள ஆழமான பிரிவு ஒன்று பசி, தாகம், உடைமை போன்றவற்றைக் கூறும் இடத்தில் உள்ளது. தமிழில் உணர்ச்சியை அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமை ஏற்று 'எனக்கு' என்று நிற்க, உணர்ச்சியே எழுவாயாகவோ வினையாகவோ அமைகிறது: 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு ஒரு வீடு இருக்கிறது'. போர்த்துக்கீசியத்தில் அனுபவிப்பவரே எழுவாயாகி, 'உடைத்தாயிரு' எனப் பொருள்படும் 'தேர்' என்ற வினையை ஏற்கிறார்: 'தேன்யு ஃபோமி' என்றால் பசிக்கிறது, 'தேன்யு உமா காஸா' என்றால் வீடு இருக்கிறது, 'தேன்யு விந்தி அனுஷ்' என்றால் வயது இருபது. 'பிடிக்கும்' என்ற கருத்திலும் இவ்வாறே, 'எனக்கு மீன் பிடிக்கும்' என்பது 'கோஷ்து தி பைஷி' என்று தன்மை வினையாகவே வரும்.

கரையில் உருமாறிய இலக்கணம்

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நின்றவையல்ல. இரு மொழிகளும் பல தலைமுறை கலந்து வாழ்ந்த இடங்களில் அவற்றின் விளைவைக் காணலாம். கொச்சியிலும் இலங்கையிலும் கொங்கணக் கரையிலும் போர்த்துக்கீசியச் சொற்களைக் கொண்டு உள்ளூர் மக்களும் கலப்புக் குடும்பங்களும் உருவாக்கிக்கொண்ட தனிமொழிகள் கிரியோல் எனப்படுகின்றன; வேற்று மொழியினர் சேர்ந்து வாழ்ந்ததால் பிறந்து, பின் ஒரு சமூகத்தின் தாய்மொழியாகவே ஆகிவிட்ட மொழியே கிரியோல். கொச்சிக் கிரியோலைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் வைப்பின் தீவில் 2010 ஆகஸ்டில் மறைந்தார். இலங்கையில் மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிகளின் பறங்கியர் சமூகத்தில் அவ்வகை மொழி இன்னும் பேசப்படுகிறது. ஈழத்தமிழோடு நெருங்கி வாழ்ந்த அம்மொழியில் வினை தமிழ் போல வாக்கியத்தின் இறுதிக்குச் சென்றுவிட்டது. பெயருக்கு முன் நின்ற 'பரா' சுருங்கி, பெயருக்குப் பின்னே ஒட்டும் வேற்றுமை உருபாயிற்று. பசியையும் விருப்பத்தையும் கூறும்போது அனுபவிப்பவர் 'எனக்கு' என்பதுபோல நான்காம் வேற்றுமை ஏற்கிறார். இடங்காட்டும் வினை விகுதிகளோ மறைந்து, நிகழ்காலத்துக்கு 'த', இறந்தகாலத்துக்கு 'ஜ', எதிர்காலத்துக்கு 'லோ' என்ற முன்னொட்டுகள் மட்டும் எஞ்சின. விகுதி போனபின் யார் என்பதை எழுவாயே சொல்லவேண்டும். பழைய மலையாளத்தில் இருந்த இடவிகுதிகள் மறைந்து 'ஞான் பறயுன்னு', 'அவன் பறயுன்னு' என்று வினை ஒன்றாகிவிட்ட மாற்றத்தோடு இதை ஒப்பிடலாம்.

இலங்கைக் கிரியோலின் ஒலியமைப்பைப் பற்றி இயன் ஸ்மித் எழுதிய ஆய்வு, 1978இல் திருவனந்தபுரத்திலுள்ள திராவிட மொழியியல் கழகத்தின் வெளியீடாகவே வந்தது. வ. அய். சுப்பிரமணியம் போன்ற அறிஞர்கள் வளர்த்த அம்மையம், திராவிட மொழிகளின் எல்லைக்குள் இந்த ஐரோப்பிய வழித்தோன்றலுக்கும் இடம் அளித்ததில் ஆழ்ந்த நியாயம் உண்டு. சொல் போர்த்துக்கீசியமாயினும் அதன் வாக்கியம் பெரும்பாலும் இம்மண்ணின் வாக்கியமாகவே ஆகிவிட்டிருந்தது. மட்டக்களப்புப் பேச்சில் எந்த இடங்களில் இலக்கணம் தமிழாக மாறிற்றோ, அந்த இடங்களே இன்றைய தமிழ் மாணவர் லிஸ்பன் போர்த்துக்கீசியத்தைக் கற்கையில் இடறக்கூடிய இடங்கள் என்பதால், அக்கிரியோலின் வரலாறு அவருக்கு ஒரு முன்னறிவிப்பாகவும் பயன்படும்.

இவற்றைக் கருத்தில் கொண்டால் தமிழருக்கு ஏற்ற பாடவரிசை தானே அமைகிறது. தன்மை ஒருமை வினைமுற்றில் தொடங்கி, 'ஃபாலு', 'கோமு', 'ஆப்ரு' என்ற வடிவங்களைக் கொண்டு எழுவாய் இல்லாத சிறு வாக்கியங்களை அமைக்கலாம். அடுத்து 'ஸேர்', 'இஷ்தார்' இரண்டையும் தமிழ்ப் பயனிலைகளோடு ஒப்பிட்டுப் பழகலாம். தமிழில் துணையில்லாத பாலையும் முன்சுட்டையும் வீட்டுப் பொருள்களின் பெயர்களோடு நாள்தோறும் சிறுகச் சிறுக மனப்பாடம் செய்யலாம். வினையை நடுவில் வைப்பதையும், 'எனக்கு' என்று தொடங்கும் எண்ணத்தைத் தன்மை வினையாக மாற்றுவதையும் எழுத்துப் பயிற்சியால் உறுதிப்படுத்தலாம். இத்தனைக்கும் ஆங்கில இலக்கணத்தை இடையில் நிறுத்த வேண்டிய தேவை இல்லை.

இம்முயற்சிக்கு வேலைவாய்ப்பும் பயணமும் மட்டுமே காரணங்கள் அல்ல. 16ஆம் நூற்றாண்டுத் தென்கரையின் மீனவர், முத்துக்குளிப்போர், சிற்றரசர், வணிகர் ஆகியோரைப் பற்றிய கடிதங்களும் கணக்குகளும் அறிக்கைகளும் பெருமளவில் போர்த்துக்கீசியத்திலேயே உள்ளன. என்றீக்கஸின் இலக்கணக் கையெழுத்துப்படியும் லிஸ்பன் தேசிய நூலகத்திலேயே உள்ளது. தம் முன்னோரைப் பற்றிய அந்த ஏடுகளைப் பிறர் தரும் மொழிபெயர்ப்பின் வழியாக மட்டுமே அறியும் நிலை இக்கரையின் இளைஞர்களுக்கு நீடிக்க வேண்டியதில்லை. தமிழைக் கற்க ஒரு போர்த்துக்கீசியர் அன்று தம் மொழியின் இலக்கணத்தை அளவையாகக் கொண்டார். அவர் எழுதியதைப் படிக்க விரும்பும் தமிழர் இன்று தமிழ் இலக்கணத்தையே அளவையாகக் கொள்ளலாம். அதற்கான தமிழ்வழிப் பாடநூல்களை எழுதித் தருவது தமிழ் மொழியியல் அறிஞர்களின் கடமையாகும்.